ஒப்பாரியில் தேத்தண்ணி

பதுளையில் நான் வேலை பார்த்த சிகிச்சை நிலையத்துக்கு ஒரு நாள் பண்டாரவளையிலிருந்து பயிற்சி அழைப்பு வந்தது. மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு இசைவழிச் சிகிச்சை, அத்துடன் விழிப்புணர்வு என்று அதில் இருந்தது. விழிப்புணர்வு என்றால் எங்களுக்கு டெங்கு. இசைக்கும் டெங்குவுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. பயிற்சி என்றால் மதியச் சாப்பாடு உண்டு என்பதால் எல்லோரும் போகத் தயாராக இருந்தோம். ஒருவரைத்தான் அனுப்பலாம் என்றதும் என்னை அனுப்புவதென்று முடிவாயிற்று. என் திறமைக்காக என்று பொறுப்பாளர் சொன்னார். என் கோபத்துக்காக என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வேலை கிடைத்த இடம் என்று மலைக்கு வந்தவள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள் அவை. பாரிசவாதம் வந்தவர்களின் கையையும் காலையும் திரும்ப அசைய வைப்பது என் வேலை. கையைத் தூக்குங்கோ என்றால் தூக்க வேண்டும். தூக்க முடியாததால்தான் அவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள் என்பது மூன்றாம் முறை சொல்லும்போது எனக்கு மறந்துவிடும். அப்போது என் குரல் வெளியே பஸ் நிற்கும் இடம்வரை கேட்கும் என்று சொல்வார்கள். நான் போய்க் கேட்டுப் பார்த்ததில்லை.

பண்டாரவளையில் ஒரு பழைய பங்களா ஹோட்டலில் பயிற்சி. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, அப்படிப் பல மாதங்கள். பயிற்றுநர் பனி பெய்யும் ஏதோ நாட்டிலிருந்து வந்த உயரமான பெண். மிக மெதுவாகப் பேசுவார். அவர் பேசி முடித்ததை ஒருவர் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் சொல்வார். ஆகவே ஒரே விஷயத்தை மூன்று முறை கேட்டோம். மூன்றாம் முறை கேட்கும்போது எனக்கு என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

விழிப்புணர்வு என்றது டெங்கு அல்ல, மனவிழிப்பு என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. மூச்சைக் கவனிக்க வேண்டும். வரும் நினைப்பை வரவிட வேண்டும், போவதைப் போகவிட வேண்டும், எதையும் பிடித்து வைக்கக் கூடாது. தொடக்கமாக எல்லோர் உள்ளங்கையிலும் ஒரு உலர்ந்த திராட்சை வைத்தார்கள். இதை வாழ்க்கையில் முதல் தடவை பார்ப்பது போலப் பாருங்கள் என்ற இடத்துக்கு மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்தபோது நான் என் திராட்சையைச் சாப்பிட்டுவிட்டிருந்தேன். இன்னொன்று தந்தார்கள். அதை நீண்ட நேரம் பார்த்தேன். திராட்சையாகத்தான் இருந்தது.

ஆனால் இசைப் பகுதி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. டிக் டிக் என்று சீராக அடிக்கும் மெட்ரனோம் கருவியை வைத்துக்கொண்டு தள்ளாடி நடப்பவரைச் சீராக நடக்க வைக்கலாம் என்று செய்து காட்டினார்கள். அதைவிட ஆச்சரியமான இன்னொன்று இருந்தது. பாரிசவாதத்தில் பேச்சு அடிபட்டவர்களில் சிலரால் பாட முடியும். மூளையின் இடப்பக்கத்தில் பேச்சுக்கான இடம் சேதமாகிவிட்டாலும் பாட்டு வேறு இடங்களிலும் பரவிக் கிடக்கிறது. நோயாளிக்கு மனப்பாடமான மெட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய இடது கையைப் பிடித்து அசைக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டு, முதலில் முனக வேண்டும், பிறகு சேர்ந்து பாட வேண்டும். பிறகு அந்த மெட்டிலேயே தண்ணி வேணும், பசிக்குது என்று தேவையான சொற்களைப் போட வேண்டும். படிப்படியாக மெட்டைக் குறைத்து, கடைசிப் படியில் மெட்டு கழன்று சொல் மட்டும் நிற்கும். அந்தக் கடைசிப் படிக்கு எல்லோரும் வந்து சேர்வதில்லை என்றும் பயிற்றுநர் சொன்னார். நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு முயன்று பார்த்து, கடைசி அமர்வில் பலனைச் சொல்ல வேண்டும்.

எனக்கு யார் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மா அவர். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார். பாரிசவாதம் அடித்து மலையில் கூடையோடு விழுந்தவருக்கு வலது கையும் காலும் பலம் குறைந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, ஒரு சொல் மிஞ்சியிருந்தது. அது "அதான்." சாப்பிட்டீங்களோ என்றால் அதான். நோகுதோ என்றால் அதான். நாம் சொல்வது எல்லாம் அவருக்கு விளங்கும். திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தால் அதான் மட்டும் வரும். அது தான் சொல்ல நினைத்ததல்ல என்று அவருக்கும் தெரியும், ஆகவே தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொண்டே அதான் என்பார்.

"முன்னாடியும் பாதி நேரம் அவ அதத்தாங்க மிஸ் சொல்லுவா," என்றார் அவருடைய கணவர். "நான் என்ன சொன்னாலும் அதான்னுட்டு, அவ நெனச்சதத்தான் செய்வா."

அவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துத் தொழிலாளி. மெலிந்த, பயந்த சுபாவமுள்ள மனிதர். சிறிது காலம் மனைவியைப் பதுளைக்கே கூட்டி வந்தார். பிறகு பஸ் ஏற்றி இறக்குவது முடியாமல் போனதால் நான் போகத் தொடங்கினேன். பதுளையிலிருந்து பசறை, பசறையிலிருந்து மடுல்சீமை, அதற்கு மேல் கால்நடை. அட்டைகளுக்குச் சவர்க்காரம் பூசிய கால்களோடு தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் கடைசிக் காம்பராவுக்குப் போய்ச் சேரும்போது பயிற்றுநர் சொன்ன அமைதி எதுவும் என்னிடம் மிச்சம் இருக்காது.

அங்கேதான் வீட்டுச் சிக்கல் தெரிய வந்தது. அவர்களுக்கு ஒரே மகள். அரபு நாடொன்றில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஒப்பந்தம் முடிய இன்னும் வெகுநாள் இருந்தது. அம்மாவுக்குச் சுகமில்லை என்று அவளுக்குச் சொல்லவே இல்லை.

"சொன்னா பாதியில ஓடி வந்துருவாங்க மிஸ்," என்றார் ஐயா. "போன புள்ள முழுசா முடிச்சிட்டு வரட்டும்."

தோட்டத்துக் கடையில் அந்தக் காலத்தில் புதிதாக வந்திருந்த கம்பியில்லாத மேசை போன் ஒன்று இருந்தது. வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் விட்டால் மகள் அதற்குப் பேசுவாள். எப்போதாவதுதான் விடுவார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா எங்கே என்று கேட்பாள். அம்மா கோயிலுக்குப் போயிருக்கா, தண்ணிக்குப் போயிருக்கா, பசறைக்குப் போயிருக்கா என்று ஐயா சொல்லிக்கொண்டே வந்தார். தானாக வீட்டைவிட்டு நகர முடியாத பெண் போனில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு முறை தப்ப முடியாமல் மனைவியைக் கடைக்குத் தாங்கிக்கொண்டு போய்ப் போனை அவர் காதில் வைத்திருக்கிறார். மகள் கேட்டதற்கெல்லாம் அம்மா அதான் என்றிருக்கிறார். ஆனால் மூன்றாவது அதானுக்குக் குரல் உடைந்து ஒரு சத்தமாகிவிட்டது. மகள் கத்தியிருக்கிறாள்.

"யாரையோ புடிச்சுப் பேச வைக்கிறீங்க! அம்மா செத்துப் போச்சு, என்கிட்ட மறைக்கிறீங்க. தீவாளிக்குப் பேசுவேன். அம்மா பேசணும். பேசலன்னா பொதச்சிட்டீங்கன்னு நெனச்சுக்குவேன். அப்புறம் நான் பேசவே மாட்டேன்."

இதைச் சொல்லும்போது ஐயா அழுதார். பக்கத்தில் அந்த அம்மா சுவரைப் பார்த்தபடி இருந்தார். உயிரோடு இருக்கிற ஒரு பெண், உயிரோடு இருப்பதைத் தன் பிள்ளைக்கு நிரூபிக்க வேண்டும். அதற்கு அவரிடம் இருந்தது ஒரு சொல், அதுவும் பிழையான சொல். தீபாவளிக்கு இன்னும் சில கிழமைகளே இருந்தன. எனக்கு யார் மீது என்று தெரியாமல் கோபம் வந்தது.

ஆகவே பாட்டைத் தேடினோம். நான் பள்ளிக்கூடத்தில் படித்த தேவாரம் ஒன்றைப் பாடினேன். அந்த அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். எனக்குப் பாட வராது என்பதை இதுவரை சொல்லவில்லை. எம்.ஜி.ஆர். காலத்துச் சினிமாப் பாட்டுகள், மாரியம்மன் பாட்டு, தாலாட்டு எல்லாம் முயன்றோம். இடது கையைப் பிடித்துத் தட்டித் தட்டி என் கை வலித்தது. அவர் வாய் திறந்து, முதல் எழுத்தில் முட்டி, அதான் என்று மூடிக்கொண்டது. மனப்பாடமான பாட்டு ஒன்றாவது இருக்க வேண்டுமே ஐயா என்று நான் கேட்டேன். "அவ பாடி நான் கேட்டதே இல்லீங்களே," என்றார் அவர். முப்பது வருடத்துக் குடும்ப வாழ்க்கையைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

அடுத்த முறை போனபோது காம்பரா பூட்டிக் கிடந்தது. கீழ் லயத்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார், எல்லோரும் அங்கே என்றார்கள். தோட்டத்தில் சாவு விழுந்தால் ஒருவரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். நடக்க முடியாதவரையும் தாங்கிக்கொண்டு போய் உட்கார வைப்பார்கள். இவ்வளவு தூரம் வந்து அட்டைக்கு இரத்தம் கொடுத்தது வீணாகிவிட்டதே என்று முணுமுணுத்தபடி நானும் இறங்கிப் போனேன்.

முற்றத்தில் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஒருத்தி நிறுத்தும் இடத்தில் அடுத்தவள் எடுப்பாள். ஒருத்தியைத் தனியாக அழ விடக் கூடாது என்பது அங்கே சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். ஒரு குரல் நின்றது. இன்னொரு குரல் எடுத்தது:

"வெள்ளன எந்திரிச்சி அண்ணே
வேலைக்குப் போன அண்ணே
வெயிலேறும் முன்ன அண்ணே
வெளக்கணஞ்சு போனதென்ன…"

சுத்தமான சொற்கள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. யார் என்று எட்டிப் பார்த்தேன். என் நோயாளி.

எனக்குச் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. அந்த இழவு வீட்டில் வாசலில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். இறந்தவரின் மருமகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மனவிழிப்புப் பயிற்சியில் முகத்தை என்ன செய்வது என்று சொல்லித் தந்திருக்கவில்லை. கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். அழுகிறேன் என்று நினைத்து ஒருவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

மறுவாரம் சிகிச்சையைத் தொடங்கினோம். பட்டப்பகல். அந்த அம்மாவின் இடது கையைப் பிடித்துத் தட்டிக்கொண்டு ஒப்பாரி மெட்டை முனகினேன். முதலில் என்னைத் திகைத்துப் பார்த்தார். பிறகு வாசலை ஒரு முறை பார்த்தார். பிறகு எடுத்தார். மெட்டு ஓடத் தொடங்கியதும் நான் சொற்களை மாற்றினேன். அவர் பின்னால் வந்தார்.

"தேத்தண்ணி வேணுமே… எனக்குத் தேத்தண்ணி வேணுமே…"

விழுந்த நாளிலிருந்து அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. கேட்டுவிட்டு அவரே வாயில் கையை வைத்துக்கொண்டார். நான் எழுந்து குதிக்காததுதான் குறை. அதற்குள் லயமே ஓடி வந்துவிட்டது. அடுத்த காம்பராப் பெண் தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு வந்தாள். மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஐயாவுக்கு, அவரே இறந்துவிட்டதாகச் செய்தி போயிருந்தது. அவர் கத்தியோடு ஓடிவந்து வாசலில் நின்றார். கூட்டம் அவருக்கு வழி விட்டது.

"நான் இன்னும் உசிரோடதாங்க மிஸ் இருக்கேன்," என்றார்.

"தெரியும் ஐயா," என்றேன். "அம்மா தேத்தண்ணி கேக்கிறா. போட்டுக் குடுங்கோ."

அவர் போட்டுக் கொடுத்தார். ஆனால் அன்று முதல் அவருக்கு நிம்மதி போயிற்று. உயிரோடு இருக்கும்போது வீட்டில் ஒப்பாரி எடுத்தால் உயிர் தங்காது என்பது அவர் பயம். அவருடைய பயத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. காலையில் கண் விழிக்கும்போது பக்கத்தில் மனைவி இழுத்து இழுத்து ஒப்பாரியில் "அடுப்பு அணையுதே" என்றால் எந்த ஆம்பளைக்கும் நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். உப்பு இல்லை என்பதும் கோழி வெளியே போய்விட்டது என்பதும் அந்த மெட்டில் வரும்போது பெரிய இழப்பாகவே கேட்டன. நாளடைவில் லயத்தார் பழகிவிட்டார்கள். "ஒன்னுமில்ல, சீனி கேக்குது" என்று கூர்ந்து கேட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். ஐயாவால்தான் பழக முடியவில்லை. இதை நிறுத்திவிடலாம் என்று என்னிடம் வந்து நின்றார்.

வேறு வழியில்லாமல் நான் பண்டாரவளையில் படித்த மற்றப் பாதியை எடுத்தேன்.

"கண்ணை மூடி இருங்கோ ஐயா. மூச்சைக் கவனியுங்கோ. அம்மா பாடுறதை ஒரு சத்தமா மட்டும் கேளுங்கோ. வாறது வரட்டும், போறது போகட்டும்."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "போறது நானில்லீங்களே மிஸ்?"

இல்லை என்று உறுதி கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு மனைவிக்கு எதிரே உட்கார்ந்து தனக்கு வைக்கப்படும் ஒப்பாரியைக் கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நாளில் மனைவியின் இடது கையைப் பிடித்துத் தட்டவும் கற்றுக்கொண்டார். மனவிழிப்பை அவரளவுக்கு விடாமல் செய்த ஒருவரை நான் பிறகும் பார்த்ததில்லை. திருநீறு பயிற்சியில் இல்லாதது, அது அவர் சேர்த்துக்கொண்டது.

அடுத்த அமர்வில் பயிற்றுநரிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு ஒரே ஆனந்தம். அது என்ன பாட்டு என்று கேட்டார். பெண்கள் ஒன்றுகூடிப் பாடுவது என்றேன். அது உண்மைதான். எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றார். மறுக்கத் தெரியாமல் முனகிக் காட்டினேன். மாகாணத்தின் பல பக்கங்களிலிருந்தும் வந்திருந்த உத்தியோகத்தர்கள் கண்ணை மூடி, தொடையில் தட்டி, ஒப்பாரியை ஒரே குரலில் முனகினார்கள். தமிழர்கள் ஓரிருவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு முனகினார்கள். ஹோட்டல் சமையல்காரர் அகப்பையோடு மண்டப வாசலுக்கு வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். மிக அமைதி தரும் மெட்டு என்று பயிற்றுநர் சொன்னார். அது மூன்று மொழியிலும் சொல்லப்பட்டது.

ஆனால் தீபாவளி நெருங்கியது. மகளோடு பேச "நான் பெத்த மகளே, நல்லாருக்கேன் மகளே" என்று ஒரு வரி பழக்கினோம். நன்றாக வந்தது. மெட்டைக் குறைக்கப் பார்த்தேன், சொற்கள் உதிர்ந்தன. தாலாட்டு மெட்டுக்கு மாற்றப் பார்த்தேன், அதானுக்குப் போய்விட்டார். ஒப்பாரியாக வந்தால் வரும், இல்லையென்றால் ஒன்றுமே வராது. நல்லாருக்கேன் என்பதை ஒப்பாரியாகக் கேட்கும் மகள் என்ன நினைப்பாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மாவின் குரல் ஒப்பாரி வைத்தால் செத்தது அப்பா.

அதற்கு நாங்கள் ஒரு திட்டம் போட்டோம். ஐயா முதலில் பேசுவார். நான் உசிரோட இருக்கேன், அம்மாவும் உசிரோட இருக்கா, யாரும் சாவல, அம்மாவுக்குப் பேச்சு இப்ப பாட்டாத்தான் வரும், பயப்படாதே. இதை அவர் என்னிடம் பலமுறை ஒப்பித்தார். அருமையான திட்டம்.

தீபாவளியன்று பஸ் கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்துக் கடைமுன் கூட்டம். புதுத்துணியும் எண்ணெய்த் தலையுமாகச் சனம். நல்ல நாளில் கடையில் ஒப்பாரியா என்று கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் போனை எடுத்து வெளி மேசையில் வைத்து, பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு கதிரையும் போட்டார். பிள்ளைகள் வெடி கொளுத்த வேண்டாம் என்று தள்ளி அனுப்பப்பட்டார்கள். நான் அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். காத்திருந்தோம். அந்த அம்மா கண்ணை எடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சைக் கவனித்தேன். அது வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

மணி அடித்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று கடைக்காரர் ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கினார்.

"ஹலோ? அப்பா?"

ஐயா வாயைத் திறப்பதற்குள் அம்மா எடுத்துவிட்டார்.

"நான் பெத்த மகளே… நல்லாருக்கேன் மகளே…"

"ஐயோ! அப்பா! அப்பாவுக்கு என்னாச்சு?"

"எனக்கு ஒன்னும் ஆவல!" என்று ஐயா கத்தினார். "நான்தான் பேசுறேன்!"

"அப்ப யாரு செத்தா?"

"யாரும் சாவல! அம்மாவுக்கு வாதம் அடிச்சு, பேச்சு இப்புடித்தான் வருது! பயப்படாதன்னு மொதல்லயே சொல்லணும்னு இருந்தேன்!"

ஒரு தகப்பன் தான் சாகவில்லை என்பதை இவ்வளவு கோபமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லி முடித்துவிட்டு மூச்சு வாங்கினார். மறுமுனையில் எங்கோ குழாயில் தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டது. அம்மா நிறுத்தவில்லை. அதே வரியைத் திரும்பவும் எடுத்தார். நல்லாருக்கேன் மகளே. முடித்து, மூச்சுக்காக நின்றார்.

அவர் நின்ற இடத்தில் மகள் எடுத்தாள்.

அதே மெட்டு. போனில் தேய்ந்து, குழாய்ச் சத்தத்துக்கு நடுவே வந்தது.

"நல்லாருக்கேன்னு சொன்னேன் அம்மா
நாலு செவத்துக்குள்ள இருக்கேன் அம்மா
கதவு தெறந்து நாளாச்சு அம்மா
கை வெந்து புண்ணாச்சு அம்மா…"

கடைக்காரரின் விரல் பொத்தான் பக்கம் போய், அமுக்காமல் நின்றது. இத்தனை மாதமும் அவளும் எல்லாம் நல்லா இருக்கு என்றுதான் சொல்லிவந்திருக்கிறாள். சாதாரணப் பேச்சில் அவளுக்கும் உண்மை வரவில்லை. இன்னொரு பெண்ணின் குரல் பின்னால் அரபியில் ஏதோ சொன்னது. அதட்டலாகத் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பண்டிகைப் பாட்டு என்று அந்த வீட்டுக்காரி நினைத்திருக்கலாம்.

மகள் தன் வரியை முடித்து நின்றாள். இனி அம்மா எடுக்க வேண்டும். நான் வழக்கம்போல இடது கையைத் தட்டத் தொடங்கினேன். அவர் கையை என்னிடமிருந்து உருவிக்கொண்டார். அதை நீட்டிப் போனின் மேல் வைத்தார்.

"வா," என்றார்.

மெட்டு இல்லை. இழுப்பு இல்லை. அடுப்படியிலிருந்து பிள்ளையைக் கூப்பிடுகிற குரல்.

"அம்மா?" என்றாள் மகள். அதிலும் மெட்டு இல்லை.

"வா."

இணைப்பு அறுந்துபோயிற்று. பிள்ளைகள் தூரத்தில் ஒரு வெடியைக் கொளுத்திவிட்டார்கள். ஐயா மேசைக்குக் கிட்ட வந்தார். மகள் பாதியில் ஓடி வந்துவிடக் கூடாது என்பதற்காக இத்தனை மாதமும் கோயிலுக்கும் பசறைக்கும் மனைவியை அனுப்பிக்கொண்டிருந்த மனிதர்.

"மொதலாளி," என்றார் கடைக்காரரிடம், "ஏஜென்சிக்காரனுக்குப் போனப் போடுங்க. புள்ளயக் கொண்டாந்து விடச் சொல்லணும்."

"இன்னிக்குத் தீவாளி. யாரு இருப்பா?"

"அடிச்சுக்கிட்டே இருங்க. எடுக்கிற வரைக்கும் நான் இங்கேயேதான் நிப்பேன்."

"அதான்," என்றார் அம்மா.

நான் அன்று பசறை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் பலகாரப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒரு முறுக்குத் தந்தார். வருவதை வரவிட்டுப் போவதைப் போகவிடச் சொல்லித் தந்திருந்தார்கள். எனக்கு அந்தக் குரல் போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

பயிற்சியின் கடைசி அமர்வு தள்ளிப்போய்த் தள்ளிப்போய்ப் பங்குனியில் நடந்தது. எல்லோரும் தங்கள் நோயாளியைப் பற்றிச் சொன்னார்கள். ஒருவருடைய நோயாளி ஒரு பக்திப் பாடலை முழுவதும் பாடினாராம், இன்னொருவருடைய நோயாளி வாரத்தின் நாட்களை வரிசையாகச் சொன்னாராம். கைதட்டினோம். என் முறை வந்தது. மெட்டில்லாமல் சொன்னது ஒரு சொல்தான் என்றேன். இத்தனை மாதத்துக்கும் ஒரு சொல்லா என்று யாரோ பின்னால் கேட்டது காதில் விழுந்தது. நான் கோபப்படவில்லை. இதைப் பார்க்கப் பொறுப்பாளர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

என்ன சொல் என்று பயிற்றுநர் கேட்டார். சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டு மொழியிலும் சொன்னார், இரண்டிலும் சிறிய சொல்லாகத்தான் இருந்தது. பயிற்றுநர் தலையசைத்தார். அடுத்து எல்லோரிடமும் கேட்ட அதே கேள்வியை என்னிடமும் கேட்டார். நோயாளி சொன்ன சொல் உண்மையில் பயன்பட்டதா, கேட்டவர் அதன்படி நடந்தாரா என்று.

வந்தாள் என்றேன். மாசி மாதம், கையில் கட்டோடு.